பத்திரிகையில் அச்சான அம்மா

கல்யாணப் பத்திரிகையில் பொய்யாக அச்சடித்த பெயருக்கு உரியவள், கல்யாணத்தன்று காலை ஒரு வாடகைக் காரில் மண்டபத்து வாசலில் வந்து இறங்கினாள். கையில் தோல் பை, கண்ணில் மெல்லிய விளிம்புள்ள கண்ணாடி. வரவேற்பில் நின்றவர்களிடம், "நான் பெண்ணோட அம்மா" என்றாள். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார்கள், பெயர் சரியாக இருந்தது. உள்ளே அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களின் அபிப்பிராயம். பத்திரிகை அடித்தால் அதில் பெயர் இருப்பவர்கள் வரத்தான் செய்வார்கள். வராவிட்டால்தான் மனஸ்தாபம்.

பெண்ணைப் பெற்றவள் அந்த நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கச் சாமான் அறையில், மாப்பிள்ளை வீட்டாரின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இஸ்திரிக்காரி. தெருமுனையில் வீட்டோடு சேர்ந்த கடை, அகலமான மேஜை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, வலது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. விளக்குமாறு வாசலில் கூட்டி ஒதுக்குகிறதே, அதற்கு என்ன பெயரோ அதுவேதான் அவளுக்கும் பெயர். பெற்றவர்கள் வன்மத்தில் வைத்த பெயரல்ல அது. அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் தொட்டிலிலேயே போனபின், யாரும் ஆசைப்படாத பெயராக ஒன்றைத் தேடி இவளுக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் இவள் விஷயத்தில் பெயர் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. சாவு வாசல்வரை வரும், பெயரைக் கேட்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் அது செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப்போன சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த சலவைச் சாலையில் பாய்லர் வெடித்தபோது இவளுக்கு இந்தப் பக்கம் நின்றவளும் அந்தப் பக்கம் நின்றவளும் கருகிப்போனார்கள். இவள் பொசுங்கிய முடியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

உயிரைக் காத்த பெயர் மானத்தை வாங்கிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுக்கும்போது வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உரக்கக் கூப்பிட்டால், கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்து ஓயும்வரை எழுந்திருக்கமாட்டாள். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகாமல் போனது மகளுக்கு. மகள் காப்பீட்டு அலுவலகத்தில் கண்ணாடி அறைக்குள் வேலை பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. பத்திரிகைக்கு வாசகம் எழுதும் அன்று மகள் கடைக்கே வந்து நின்றாள்.

"அம்மா, உன் பேரைப் போட வேணாம்மா. அவங்க சொந்தக்காரங்க எல்லாம் படிச்சுப் படிச்சுச் சிரிப்பாங்க."

"சிரிச்சா என்னைப் பார்த்துத்தானே சிரிக்கப்போறாங்க. உனக்கென்ன?"

"என்னைத்தாம்மா பார்ப்பாங்க. மேடையில நிக்கிறது நான்தானே."

"அந்தப் பேராலதான்டி நான் உசிரோட இருக்கேன். நான் இருக்கப்போய்த்தான் நீ."

"அதெல்லாம் உங்க காலம். இப்பத்தான் எல்லாத்துக்கும் தடுப்பூசி வந்துடுச்சே."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மகள் ஏற்கெனவே ஒரு பெயர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். வாசனைத் திரவியக் கடைக்கு வைக்கக்கூடிய, மிருதுவான, நாக்கில் எங்கும் இடறாத பெயர். இஸ்திரிக்காரி அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். ஒரே மகள், நன்றாக இருந்தால் சரி என்று நினைத்தாள். ஒரு தாளில் என்ன வந்துவிடப்போகிறது என்றும் நினைத்தாள். அதுதான் அவள் செய்த பிசகு.

துணிகளை முடித்துவிட்டு, முகம் கழுவி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு அவள் மேடைக்கு வந்தபோது அம்மாவின் நாற்காலியில் ஆள் இருந்தது. அதே உயரம், அதே மூக்கு, அதே பல்வரிசை. வெக்கைபடாமல் வளர்ந்திருந்தால் இவள் எப்படி இருந்திருப்பாளோ அப்படி இருந்தாள் அவள். தலைமையாசிரியையோடு பள்ளிக்கூடங்கள் கெட்டுப்போனது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாளுக்கு வாயெல்லாம் பல். படமெடுப்பவன் இஸ்திரிக்காரியைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றான். அவள் தள்ளவில்லை, மகளைப் பார்த்தாள். இங்கே வா என்று ஒரு வார்த்தை, அது வேண்டாம், கையால் ஒரு அசைப்பு, அது போதும் அவளுக்கு. மகள் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகழுவும் இடத்தில் தனியாகப் பிடித்து, "இன்னைக்கு ஒரு நாள்தாம்மா. பொறுத்துக்கோ" என்றாள்.

அந்த ஒரு நாள் பல வருஷம் நீடித்தது. கல்யாணம் முடிந்து புதியவள் தோல் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். இஸ்திரிக்காரியின் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். பையைத் தூக்கிவந்ததே அவர்தான். "மண்டபத்துல தனியா விட்டுட்டு வர முடியுமா, மரியாதையா இருக்காதே" என்றார். ஒரு வாரம் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டார். அடுத்த வாரம் ஒருத்தி முகத்தைப் பார்த்தார். இஸ்திரிக்காரியின் பாய் கடைக்குள் மேஜைக்கு அடியில் போனது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று தெருவில் கொஞ்ச காலம் பேசிக்கொண்டார்கள். பிறகு எண்ணெய் விலை ஏறியது, பேச அது கிடைத்தது.

புதியவள் கெட்டவள் என்று சொல்ல முடியாது. மகளுக்கு எந்த மருந்து குமட்டும், முழங்காலில் தழும்பு எப்படி வந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மகளைப் பெற்ற வலிகூட ஞாபகம் இருந்தது, சற்றுக் குறைவாக. ஒருநாள் இஸ்திரிக்காரி கனன்ற இஸ்திரிப் பெட்டியோடு அவள் முன்னால் போய் நின்றாள்.

"என் வீட்டை விட்டுப் போயிடு."

"நானாவா வந்தேன்? உங்க மகதான் கூப்பிட்டா" என்றாள் புதியவள், பெட்டியைப் பார்த்துப் பயப்படாமல். "அம்மான்னு கூப்பிடுறா. என்னன்னு கேக்காம இருக்க முடியுதா? நீங்களே சொல்லுங்க."

இஸ்திரிக்காரி பெட்டியோடு கடைக்குத் திரும்பினாள். தொலைபேசி அடித்தால் புதியவள் எடுப்பாள். உள்ளேயிருந்து கசியும் "அம்மா" என்ற சத்தம் சுவர் தாண்டிக் கடைக்கு வரும். இவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்பாள். முதல் வருஷம் மகள் இவளைப் பற்றி, "அவங்க எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தாள். பிறகு விசாரிப்பதை விட்டாள். வீட்டுக்கு வரும்போது கடைப்பக்கம் தலைநீட்டி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வா போ என்று சண்டைபோட்ட மகள், நீ என்பதை விட்டு நீங்க என்று மரியாதை கொடுத்த அன்று இஸ்திரிக்காரி ஒரு சட்டைக் காலரைக் கருக்கினாள். அவள் தொழிலில் கருகிய ஒரே துணி அது.

பிறகு ஒரு இருமல் ஊருக்குள் வந்தது. சாவு தெருவில் இறங்கி வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்து, இந்த வாசலில் நின்றது. முதல் பெயரைக் கேட்டு வழக்கம்போல் முகத்தைச் சுளித்தது. இரண்டாவது பெயரைக் கேட்டதும் அதற்கு மிகவும் பிடித்துப்போயிற்று. புதியவள் அன்று மதியமே, கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இஸ்திரிக்காரி சந்தோஷப்பட்டாள். விட்டது சனி என்று வாய்விட்டே சொன்னாள். நாற்காலி காலியாகிவிட்டது, இனி என் பிள்ளை எனக்கு என்று குளித்து, தலைவாரி, நல்ல உடை உடுத்திக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தாள்.

மகள் வந்தாள். காலணியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, "என்னைப் பெத்தவளே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று பிணத்தின்மேல் விழுந்தாள். இஸ்திரிக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவள் தலையில் கைவைத்தாள்.

"அழாதடி. நான் இங்கதான இருக்கேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை என்று பிற்பாடு சிலர் சமாதானம் சொன்னார்கள். அது பொய். நன்றாகத் தெரிந்தது. உதடு "அம்" வரைக்கும் போனது. பின்னாலேயே தலைமையாசிரியை, சொந்தபந்தங்களோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கடைசியா உடுத்த வேண்டிய பட்டு பெட்டியில கசங்கிக் கிடக்கு. சீக்கிரம் தேச்சுக் கொடுத்துடுங்க."

கூட்டம் வழிவிட்டது. இஸ்திரிக்காரி பட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். மேலே வெள்ளைத் துணி விரித்து, தண்ணீர் தெளிக்காமல், சூடு குறைத்துத் தேய்க்கவேண்டிய பட்டு. பெட்டியை அதன்மேல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தாள். கை கேட்கவில்லை. ஓரம் ஓரமாக, மடிப்பு மடிப்பாக, ஒரு கோடு விழாமல் தேய்த்து, இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் நன்றி சொன்னாள்.

அதற்கப்புறம் இஸ்திரிக்காரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மகளின் அம்மா இறந்துவிட்டதாக அரசாங்கமே சான்றிதழ் கொடுத்துவிட்டது. பூட்டுக்காரர் போனார், தலைமையாசிரியை போனாள், சாவு ஒவ்வொரு தடவையும் இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனது. மகள் நரைத்து, கூன் விழுந்து, தன் பிள்ளைகள் வீட்டில் படுக்கையில் விழுந்தாள். கடைசிக் காய்ச்சலில் மூன்று நாளும் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அவங்க எப்பவோ போயிட்டாங்களே என்று பிள்ளைகள் நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். யாரும் தெருமுனைக்கு ஆள் அனுப்பவில்லை. அனுப்பவேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்தபின் மகளின் பேரன் ஒரு பட்டைக் கொண்டுவந்து, அவசரம் என்று மேஜைமேல் வைத்தான். யாருக்கு என்று அவள் கேட்டாள், அவனும் சொன்னான். அவள் வெள்ளைத் துணியை விரித்து, சூட்டைக் குறைத்தாள்.

கடை இன்னும் இருக்கிறது. அவள் வயதைப் பற்றித் தெருவில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. காலையில் போட்டால் மாலையில் தந்துவிடுகிறாள், மடிப்பு நன்றாக நிற்கிறது என்கிறார்கள்.