ஆவி கூப்பிடாத பக்கம்

எங்கள் விளையாட்டின் முதல் புதிர் எளிதானது. கையில் விளக்கோடு மூடுபனிக்குள் நிற்கிறீர்கள். முன்னால் இரண்டு பாதைகள். பழங்கதையில் வருவதுபோல், கிணற்று ஆவி தெரிந்தவர் குரலில் கூப்பிடும். குரல் வரும் பக்கம் போனால் கிணறு. எதிர்ப்பக்கம் போனால் பிழைத்தீர்கள். சில முறை ஆவி கூப்பிடாது. அப்போது அசையாமல் நிற்க வேண்டும். குரலை ஒரு காதுக்கு மட்டும் அனுப்பியது என் யோசனை. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி போகிறது. ஒன்றை முழுக்க அடைத்துவிட்டால், யாரோ தோளருகே நின்று கூப்பிடுவதுபோலவே இருக்கும்.

வெளியிட்ட வாரம் வந்த கருத்துகளில் பெரும்பாலும் பாராட்டுதான். மூன்றாம் புதிரை மாமனாரைக் கேட்டு முடித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். ‘தூங்குமூஞ்சி’ என்ற பெயரில் வந்தது மட்டும் வேறு மாதிரி: “முதல் புதிரே கோளாறு. சத்தமே இல்ல, சரின்னு நின்னா கிணத்துல தள்ளுது.”

நான் நூறு முறை சோதித்த புதிர் அது. சுருக்கென்றது. உடனே எங்கள் குழுவின் பெயரில் பதில் எழுதினேன்: “முதல் புதிரையே தாண்ட முடியாதவங்களுக்கு இந்த விளையாட்டு சரிப்படாது. குழந்தைங்க கலர் அடிக்கிற விளையாட்டு நிறைய இருக்கு, அங்க போங்க.” இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள்.

“வெளுத்து வாங்கிட்டடா!” என்றான் ஒலியமைக்கும் நண்பன். நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் வேலை செய்கிறோம்.

இரண்டு நாள் கழித்து, யார் எங்கே தோற்கிறார்கள் என்று பார்க்கப் பதிவுகளைத் திறந்தேன். தூங்குமூஞ்சி நாற்பத்தொரு முறை முயன்றிருந்தார். குரல் வலப்பக்கம் வந்தபோதெல்லாம் சரியான பாதை, ஒரு தவறுகூட இல்லை. இடப்பக்கம் வந்தபோதெல்லாம் அசையாமல் நின்று தோற்றிருந்தார். கோளாறு என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது. இவருக்கு இடக்காது கேட்காது.

கருத்துப் பக்கத்துக்குப் போனேன். அங்கே முதல் இரண்டு வரிதான் தெரியும். ‘மேலும்’ என்பதை அழுத்தினால்தான் மிச்சம் விரியும். அன்று நான் அழுத்தவில்லை. இப்போது அழுத்தினேன்.

“மத்தபடி ரொம்ப அழகு. ஆனா கூப்பிடறதுக்கு முன்னாடி ஆவி இருமுமே, அதை ஏன் எடுத்துட்டீங்க?”

எந்தக் கதையிலும் அந்த ஆவி இருமாது. எங்கள் வீட்டில் மட்டும்தான் இருமும். சிறுவயதில் அக்கா தனக்குச் சளி பிடித்திருந்தபோது எனக்கு இந்தக் கதையைச் சொன்னாள். இருமலும் கதையோடு ஒட்டிக்கொண்டது. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே இடக்காது கேட்காது. அவளோடு நடந்தால் இன்றும் என் கால் தானாக அவளுடைய வலப்பக்கம் போய்ச் சேரும். புதிரை எழுதியபோது அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

குரல் வரும் பக்கம் விளக்கின் சுடரும் சாயும்படி மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. பிறகு அக்காவை அழைத்தேன்.

“தூங்குமூஞ்சி நீயாக்கா?”

“கண்டுபிடிச்சிட்டியா! சொந்த அக்காவே குறை சொல்றான்னு ஆயிடக் கூடாதேன்னு பேரை மாத்திப் போட்டேன்டா.” சிரித்தவள் கொஞ்சம் தயங்கினாள். “அந்தப் பதிலை எழுதினது நீ இல்லல்ல?”

எதிர் மேசையில் நண்பன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“சவுண்டு பாக்குறவன்கா” என்றேன்.

“அதானே பார்த்தேன். அவனைத் திட்டிடாத, பாவம். வேலை அசதியில எழுதியிருப்பான்.”

நண்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி ஒயரைச் சுற்றினான்.

பதிலை நீக்கும் பொத்தான் அதன் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தினால் ஒரு நொடியில் போய்விடும். நான் அதன் கீழே எழுதினேன்: “புதிரில் இருந்த தவறு எங்களுடையது. திருத்திவிட்டோம். மேலே உள்ள பதிலை எழுதியவர் ஒலியமைப்பாளர் அல்ல. அக்கா, நான்தான்.”

அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அது மேசைமேல் அதிர்ந்தது.

“அக்காவாத்தான் இருக்கும், எடுடா” என்றான் நண்பன்.

எடுக்கக் கை வரவில்லை.