எக்ஸ்டர்னல் போட்ட மைனஸ்

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் பாதி சிஸ்டம் ஓடாது. ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் என்று முதல் வாரமே பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு வாய்த்தவள் ரூக்ஸார். ரமணாசிரமம் பக்கம் அவள் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட் விவரங்களை டைப் அடித்து அடித்துப் பழகிய கை அவளுடையது. நான் அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவள், கல்லூரியில் சேரும் வரை கீபோர்டைத் தொட்டதே இல்லை. ஆகவே அவள் அடிப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

பார்ப்பேன் என்றால் சும்மா பார்ப்பதில்லை. ஒரு செமிகோலன் விட்டுப்போகட்டும், ஒரு அடைப்புக்குறி மூடாமல் கிடக்கட்டும், அவள் அடுத்த வரிக்குப் போவதற்குள் என் விரல் திரையில் இருக்கும். "இங்க பாரு, இங்க பாரு" என்று சொல்லிச் சொல்லியே முதல் செமஸ்டரை ஓட்டினேன். அவள் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. என் கண்ணும் அவள் கையும் சேர்ந்தால் போதும் என்று நான் மிதப்பில் இருந்தேன்.

ப்ரோக்ராமில் எண்களைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். மற்றவர்கள் ஏ, பி என்று வைத்தால் ரூக்ஸார் தன் வீட்டு ஆட்களின் பெயரை வைப்பாள். கொடுத்த எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் ப்ரோக்ராமில், அந்தப் பெரிய எண் வந்து உட்காரும் இடத்துக்கு அவள் வைத்த பெயர் மெஹ்விஷ். அவள் தங்கை. எதிலும் தான்தான் முதலில் என்று நிற்கிற குட்டியாம். நானும் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். எங்கள் ஊரில் ப்ரோக்ராமைப் படிப்பது என்றால் மனப்பாடம் செய்வதுதான், அதில் நான் கெட்டிக்காரி.

ப்ராக்டிகல் பரீட்சைக்கு மட்டும் பேட்ச் பேட்சாகப் பிரித்து ஆளுக்கு ஒரு சிஸ்டம். மார்க் போட வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், எங்கள் பேட்ச் முழுவதற்கும் அந்தப் பெரிய எண் கேள்வியையே கொடுத்தார். எனக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. ரூக்ஸார் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கீபோர்டு சத்தம் சடசடவென்று கேட்டு அடங்கியது. ஒற்றை விரலால் தேடித் தேடி நானும் அடித்து முடித்தேன்.

எக்ஸ்டர்னல் என் சிஸ்டத்துக்கு வந்தார். லேபில் நாங்கள் எப்போதும் மார்க்கைத்தான் போட்டுப் பார்ப்போம், சரியாக வரும். அவர் மைனஸ் ஏழு, மைனஸ் மூன்று, மைனஸ் ஒன்பது என்று போட்டார். விடை பூஜ்யம் என்று வந்தது.

"நான் போட்டதுல பூஜ்யம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பின் வரிசைக்குப் போனார். ரூக்ஸார் திரையிலும் அதே பூஜ்யம். ப்ரோக்ராமை மேலிருந்து கீழே படித்தார். அப்புறம் கேட்டார்.

"யாரு இந்த மெஹ்விஷ்?"

"என் தங்கச்சி சார்."

"முன்னாடி உக்காந்திருக்கிறவ ப்ரோக்ராம்ல உன் தங்கச்சிக்கு இன்னா வேலை?"

எங்கள் லேப் ஆசிரியை ரேவதி மேடம் ஓடி வந்தார். "சார், ரெண்டு பேரும் செமஸ்டர் பூரா ஒரே சிஸ்டம் சார். அதான் ஒரே மாதிரி இருக்கு" என்றார்.

"பேர் ஒரே மாதிரி இருக்கலாம் மேடம். தப்புமா ஒரே மாதிரி இருக்கும்? சொந்தமா எழுதினவளுக்குத் தப்பு எங்கன்னு தெரியும், பாத்து அடிச்சவளுக்குத் தெரியாது. தனித்தனியா சரி பண்ணட்டும். பண்ணலன்னா காப்பின்னு எழுதிடறேன்."

காப்பி என்று எழுதிவிட்டால் இந்தத் தேர்வு மட்டும் போகாது. அந்த செமஸ்டரில் எழுதிய எல்லாத் தாளும் ரத்து.

ரூக்ஸாரை வராண்டாவில் நிற்க வைத்துவிட்டு என்னை முதலில் செய்யச் சொன்னார். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபோதே எனக்குத் தப்பு புரிந்துவிட்டது. எண்கள் வருவதற்கு முன்பே மெஹ்விஷில் பூஜ்யத்தைப் போட்டு வைத்திருக்கிறோம். மார்க் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் மாட்டவில்லை. மைனஸ் எண் எது வந்தாலும் பூஜ்யத்தைவிடக் கம்மிதானே? வருகிற முதல் எண்ணையே மெஹ்விஷில் போடும்படி மாற்றினேன். மைனஸ் மூன்று வந்தது. எக்ஸ்டர்னல் தலையாட்டிவிட்டு, மாற்றியதை அழித்துப் பழையபடியே வைக்கச் சொன்னார்.

"இங்கயே நில்லு. வெளிய போனா அவகிட்ட சொல்லிடுவ. வாயத் தொறந்தாலோ கைய அசைச்சாலோ ரெண்டு பேரையும் எழுதிடுவேன்."

ரூக்ஸார் உள்ளே வந்து அதே சிஸ்டத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் அவள் பக்கத்தில் நான். ஆனால் வாய் கட்டிக் கிடந்தது.

அவள் விரல்கள் பறந்தன. எங்கெங்கோ மாற்றினாள். எண்களை எத்தனை தடவை சுற்றிப் பார்ப்பது என்கிற இடத்தில் ஒன்றைக் கூட்டினாள், குறைத்தாள். மறுபடியும் பூஜ்யம். பெரியதா என்று பார்க்கும் குறியைத் திருப்பிச் சின்னதா என்று போட்டாள். இந்தத் தடவை மைனஸ் ஒன்பது வந்தது. அவள் முகம் மலர்ந்தது. மூன்றிலும் அதுதான்டி சின்னது, கூப்பிட்டுவிடாதே என்று மனதுக்குள் கத்தினேன். எக்ஸ்டர்னலைக் கூப்பிட அவள் கையைத் தூக்கினாள். தூக்கியவள் பழக்க தோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. பாவம், அவள் செமஸ்டர் போகப்போகிறது, தெரிந்தும் நான் மரம் மாதிரி நிற்கிறேன் என்று அழுகை முட்டியது.

கீபோர்டு சத்தம் நின்றுபோனது. பிறகு அவள் முணுமுணுப்பது கேட்டது.

"மைனஸ் ஒன்பதா, மைனஸ் மூணா, எது பெரிசு... மூணு. அப்ப இது தப்பு." குறியைப் பழையபடி மாற்றும் சத்தம். "மொதல்ல மெஹ்விஷ் பூஜ்யம். மைனஸ் ஏழு வருது. பூஜ்யத்தவிட பெரிசா? இல்ல. மைனஸ் மூணு வருது. இல்ல." நிறுத்தினாள். "யாருமே வர்றதுக்கு முன்னாடி இவ எதுக்கு உக்காந்திருக்கா?"

நான் கண்ணைத் திறந்தேன். அவள் விரல் திரையில், சரியான வரியில் இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, என்னைப்போல் ஒற்றை விரலில் அடித்தாள். மைனஸ் மூன்று.

எக்ஸ்டர்னல் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் போகலாம்" என்றார்.

வராண்டாவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்பிடிடி கண்டுபிடிச்ச? எனக்கு உசுரே போயிடுச்சு."

"நீ வாய மூடிக்கிட்டு இருந்த இல்ல, அதான்" என்றாள். கையை உருவிக்கொண்டாள். "இத்தன நாள்ல ஒரு தப்பயாவது என்னக் கண்டுபிடிக்க உட்டியாடி?"

சுருக்கென்றது.

"அடுத்த செமஸ்டர் நீ அடி. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். தப்பு பண்ணா சொல்லவே மாட்டேன்."

சொன்னபடியே செய்கிறாள், பாவி. நேற்று லேப் முடிய மணி அடிக்கும் வரை ஒரு செமிகோலனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மேடம் பார்க்காதபோது வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.