காலி லிஃப்ட் மேலேதான் போகும்

என் மகள் லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிற எனக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாராலும் யோசித்திருக்க முடியாது. அவளைத் தனியாகப் படியேற விடவும் மனம் வரவில்லை. புத்தகப் பையோடு அவள் முன்னால் போவாள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன்.

மற்ற பிள்ளைகளுக்குப் பொம்மை, பூனை என்றால் இவளுக்கு லிஃப்ட். கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏறெடுத்துப் பார்க்காமல், லிஃப்டில் ஏறி இறங்கி, கூட வந்த பெரியவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பாள். வீட்டில் நான் சமைத்து முடிக்கிறவரை அதே பேச்சுதான். நானும் ‘ம்’ கொட்டுவேன். காது கேட்டதா என்று கேட்காதீர்கள்.

பள்ளியில் ஒருநாள் பிடித்ததைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் பேசச் சொன்னார்களாம். இவள் வேறெதைப் பேசுவாள்? வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாளிலிருந்து இவள் பெயரே லிஃப்ட் ஆகிவிட்டது. போகிற வருகிற பிள்ளைகள் இவள் முதுகில் பொத்தான் அமுக்குகிற மாதிரி அமுக்கிவிட்டு ஓடுகிறார்களாம். அழுதுகொண்டே வந்து சொன்னாள். நானும் நல்லதை நினைத்துத்தான் சொன்னேன். “இதையெல்லாம் கொஞ்சம் குறைச்சுக்கோடி கண்ணு. எல்லாரையும் மாதிரி இருந்துட்டா தொல்லையே இல்ல.”

நான் சொல்கிற எதையும் காதில் போட்டுக்கொள்ளாத பெண், இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டாள். அன்றிலிருந்து படிக்கட்டுதான். வீட்டிலும் பேச்சில்லை. முதலில் அந்த அமைதி சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். போகப் போக உறுத்தியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, விருந்தாளி மாதிரி ஒரு பிள்ளை வீட்டில் நடமாடியது. இப்படியே விட்டால் இவள் இப்படியே ஆகிவிடுவாள் என்று பயமாக இருந்தது. ஆனால் உடம்பில் தெம்பு இருந்தால்தானே? நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிப்போட்டேன். 

இன்று மதியம் துணி வண்டியோடு நானும் இஸ்திரி போடும் அக்காவும் மருத்துவமனை லிஃப்டில் ஏறினோம். கூட இரண்டு நர்ஸுகள். நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அறுந்து விழுந்துடப் போகுதுடி.”

“விழாதுக்கா. பின்னாடி பெரிய எடை ஒண்ணு தொங்குது. அது காலி லிஃப்டை விடக் கனம். காலி லிஃப்டை அப்படியே விட்டாக்கூட மேலதான் போகும்.”

பேசியது நானா என்று எனக்கே திகைப்பு. ‘ம்’ கொட்டிய காது இவ்வளவையும் வாங்கி வைத்திருக்கிறது.

“நாம இத்தனை பேர் ஏறியிருக்கோமே, இது எப்படிக் காலி லிஃப்ட்?” என்றாள் இளைய நர்ஸ்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “இன்ஜினியரம்மாவும் பாதியில நின்னுட்டாங்க” என்றாள் மற்றவள். மூவரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. பயந்து போயிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். ஆனாலும் என் முகம் சூடாகிவிட்டது. லிஃப்ட் கிளம்பி, கதவு திறந்த பிறகும் நான் தலை நிமிரவில்லை. இந்த வயதில் எனக்கே இப்படியென்றால், வகுப்பில் தனியாக நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளிடம் போய்க் குறைத்துக்கொள் என்றேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மாலையில் படியேறும்போது பாதி வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவளும் நின்றாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஐயோ அம்மா, கயிறு அறுந்துட்டா அந்த எடையால என்ன பிரயோஜனம்?” என்றாள். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல். “கயிறு ஒண்ணு இல்ல, நிறைய இருக்கும். எல்லாமே போனாலும், வேகம் கூடினதும் தாடை மாதிரி ஒண்ணு லிஃப்ட் ஓடுற தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்திடும். உன்கிட்ட சொல்லியிருக்கேன். நீ ‘ம்’னு சொன்ன.”

“சொன்னேன். கேக்கல. தப்புதான்.”

என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சிரிச்சாங்களே, நீ என்ன பண்ணின?”

பெருமையாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். இருந்த அசதியில் பொய்கூட வரவில்லை. “வாயை மூடிட்டேன்டி.”

“நான் மூடல. மிஸ் போதும் உக்காருன்னு சொல்ற வரைக்கும் சொன்னேன்.”

இது எனக்குத் தெரியாது. சிரித்த உடனே அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் பெண்ணை நினைத்து நெஞ்சு நிறைந்துவிட்டது.

“அப்போ நான் சொன்னது தப்பு. நீ எதையும் குறைச்சுக்காதே. எனக்கு மீதியைச் சொல்லிக்கொடு. நாளைக்கு அந்த நர்ஸ்கிட்ட போய்ச் சொல்லணும்.”

“மறுபடியும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“தொண்டை அடைக்கும்மா. அழுகை வர்ற மாதிரி இருக்கும். நிறுத்திடாதே. பேசிக்கிட்டே இருந்தா போயிடும்.”