முதல் வருஷ ஸ்டார்

"டாடி இறந்துட்டா இந்த வருஷம் ஜீசஸ் பொறக்க மாட்டாரா மம்மி?"

ஜெமிமா இதைக் கேட்டது டிசம்பர் முதல் தேதி சாயங்காலம், பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னால். ஆறு வயதுப் பிள்ளை. வளைகுடா நகரத்துக் கராமாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும் வழியெல்லாம் பால்கனிகளில் ஸ்டார் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவர்கள் வீட்டு பால்கனியில் துணி காய்கிற கொடி மட்டும்தான் கிடந்தது.

"யாரு அப்படிச் சொன்னா?" என்றாள் விஜிலா.

"பெரியப்பா போன்ல சொன்னாங்க. நமக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாதாம்."

விஜிலா பிள்ளையின் ஷூவைக் கழற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கன்னியாகுமரிப் பக்கம் சாவு விழுந்த வீட்டில் முதல் வருஷம் ஸ்டார் கட்டமாட்டார்கள். குடில் வைக்கமாட்டார்கள், புதுத்துணி எடுக்கமாட்டார்கள். கேரல் பாடப் போகிறவர்கள் அந்த வாசலைக் கண்டால் பாட்டை நிறுத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள். விஜிலாவின் கணவர் டேவிட்சன் ஜெபல் அலியில் வேர்ஹவுஸ் டூட்டியில் இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஜூலை மாதம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் ஊரில் நடந்தது. அது முடிந்ததும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகவும் கிளினிக்கில் தனக்கிருந்த நர்ஸ் வேலைக்காகவும் அவள் திரும்பி வந்தாள். ஊர் வழக்கமும் கூடவே விமானம் ஏறி வந்திருந்தது.

அந்தப் பிள்ளை கேட்கும்வரை விஜிலாவும் வழக்கத்தை மீற நினைத்தவள் இல்லை. பெரியவர்கள் சொன்னால் சரி என்று போகிறவள்தான். அன்றைக்கு முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியபோதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாவு நடந்த வீட்டுக்குள் வரப் பயப்படுகிற ஒரு கடவுளை அல்லவா பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது ஒரு பேப்பர் ஸ்டார் வாங்கி வந்தாள். சிவப்பு நிறம், ஐந்து முனை, உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். வருஷா வருஷம் இதை டேவிட்சன்தான் கட்டுவார். அவள் கீழே நின்றுகொண்டு இடது பக்கம் சாய்கிறது, வலது பக்கம் சாய்கிறது என்று சொன்னதோடு சரி. அதனால் முனைகளை விரித்து, நூலைப் போட்டு, ஸ்டாரின் வாயை இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான் பல்பும் ஹோல்டரும் மேஜைமேல் கிடப்பதைப் பார்த்தாள்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு நஸீஹா சிரித்துவிட்டாள். காயல்பட்டினத்துக்காரி. "பல்பு இல்லாத ஸ்டாரா? அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் பில்டிங் முழுக்கச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

"சிரி, சிரி. ஸ்டூலை மட்டும் விட்டுடாதே."

"அக்கா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. எங்கள்ல நாலு மாசம் பத்து நாள்னு ஒரு கணக்கு இருக்கு. அது முடிஞ்சா யாரும் வாயைத் திறக்க முடியாது. உங்களுக்கு எப்படி?"

"வருஷம் திரும்பணும்னு சொல்லுவாங்க."

"வேதத்துல இருக்கா?"

விஜிலா கட்டின நூலை அவிழ்த்துக்கொண்டே யோசித்தாள். ஞாயிறு பள்ளியில் படித்தது, கன்வென்ஷன் பந்தலில் கேட்டது எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். "இல்ல," என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பல்பை உள்ளே வைத்துக் கட்டியதும் ஸ்டார் எரிந்தது. ஜெமிமா பால்கனித் தரையில் மல்லாந்து படுத்து, முகமெல்லாம் சிவப்புப் புள்ளிகள் விழ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் மண்ணைப் பரப்பிக் கோதுமை விதைத்தார்கள். குடிலுக்குப் புல் அப்படித்தான் வளர்ப்பது.

அந்த வாரமே ஜெயசீலன் போன் செய்தார். டேவிட்சனின் அண்ணன். அல் ஐனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. குடும்பம் ஊரில் இருந்தது.

"விஜி, ஜெமி ஒரு போட்டோ அனுப்பியிருக்கா. அது போன வருஷத்துப் போட்டோதானே?"

"இல்ல பெரியத்தான். நேத்து எடுத்தது."

"ஊர்ல அம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"ஸ்டார் கட்டியிருக்கான்னு சொல்லுங்க."

"நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, கேட்டியா."

"அந்த நாலு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. டீ போட்டுக் குடுக்கேன். உக்காந்து நல்லா பேசட்டும்."

அவர் போனை வைத்துவிட்டார். விஜிலா இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை.

சபையின் கேரல் குழு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டிடத்துக்கு வருவதாக இருந்தது. விஜிலாவின் வீடு இரண்டாம் மாடியில்; அதற்கு மேலே மூன்றாம் மாடியிலும் ஒரு சபைக் குடும்பம் இருந்தது. காலையில் குழுவின் செயலாளர் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சிஸ்டர், உங்க வீட்டை இந்தத் தடவை விட்டிருக்கோம். ஜெயசீலன் அண்ணன் பேசினாங்க. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"என் மனசு கஷ்டப்படுதா இல்லையான்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே ஐயா."

"அதுக்கில்ல சிஸ்டர். வழக்கம்னு ஒண்ணு..."

அவள் சண்டை போடவில்லை. மத்தியானம் பால்கனியிலிருந்து ஸ்டாரை அவிழ்த்தாள். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, வெளியே வராந்தாவில், வாசற்கதவுக்கு மேலே, படிக்கட்டுப் பக்கமாக நீட்டிக் கட்டினாள். மூன்றாம் மாடிக்குப் படியேறுகிறவர் எவரானாலும் அந்த ஸ்டாருக்கு அடியில் தலையைக் குனிந்துதான் போக வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஜெயசீலன் வந்து நின்றார். அல் ஐனிலிருந்து நேராக வண்டி ஓட்டி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எடுத்துடு விஜி. நானா கை வைக்கக் கூடாதுன்னு பாக்கேன்."

"கை வைக்காதீங்க பெரியத்தான்."

"என் தம்பி போய் அஞ்சு மாசம்தான் ஆச்சு. வாசல்ல லைட்டு கேக்குதா உனக்கு? மனசுன்னு ஒண்ணு இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் கட்டினேன்." விஜிலாவின் குரல் உயரவில்லை. கதவின் குறுக்கே நின்றுகொண்டு சொன்னாள்: "ஏரோது ராஜா பச்சைப் பிள்ளைகளை வெட்டின ஊர்லதான் பெரியத்தான் அந்த நட்சத்திரம் நின்னுது. வீட்டுக்கு வீடு ஒப்பாரி விழப் போற ஊரு. துக்கம் வரப் போற ஊருன்னு அது ஒதுங்கிப் போகல. என் வீட்டை மட்டும் ஏன் ஒதுங்கிப் போகணும்?"

"எனக்கே வேதம் சொல்லித் தாறியா?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அழுது முடிச்சிட்டேன்னு நான் சொல்லல. அழுகை அது பாட்டுக்கு இருக்கும். ஆனா என் பிள்ளை இருட்டுல உக்காந்துதான் அவங்க அப்பாவை நினைக்கணும்னு யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். நீங்க சொன்னாலும்."

கீழே டிரம் சத்தம் கேட்டது. கேரல் குழு படியேறி வந்தது. கிடார் வைத்திருந்த பையன்கள், சிவப்புச் சேலை கட்டின அக்காமார், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. ஸ்டாரைக் கண்டதும் பாட்டு தேய்ந்து நின்றது. செயலாளர் ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் சுவரைப் பார்த்தார். முன்னால் வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்கள்.

"ஐயா," என்றாள் விஜிலா. "ஸ்டார் கட்டின வீட்டைத் தாண்டிப் போறதுதான் இப்ப வழக்கமா?"

ஜெமிமா அம்மாவின் பக்கத்தில் வந்து, கேக் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு துண்டு விளிம்புக்கு வந்து விழப் பார்த்தது. கிறிஸ்துமஸ் தாத்தா குனிந்து அதைப் பிடித்தார். பிடித்த கேக்கை வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போக அவருக்கு மனம் வரவில்லை. தாடியை விலக்கி அதை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் டிரம்காரர் நுழைந்தார். பிறகு எல்லோரும்.

சோபா, கட்டில், தரை என்று கிடைத்த இடத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து நஸீஹாவும் வந்து கதவோரம் நின்றாள். துக்க வீடு என்பதால் பாட்டைத் தாழ்ந்த குரலில் தொடங்கினார்கள். டிரம் மடியிலேயே இருந்தது.

"இப்படிப் பாடுறது அடக்கத்துக்கு," என்றாள் விஜிலா. "நல்லா தட்டிப் பாடுங்க."

டிரம் முழங்கியது. ஜெமிமா தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அறையே அதிர்ந்தது. விஜிலா கைதட்டிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள். ஜெயசீலன் அங்கே இல்லை.

அவள் மெல்ல வராந்தாவுக்கு வந்தாள். கீழே இறங்கும் படிகள் திரும்புகிற இடத்தில், சுவரோரமாக அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. கைக்குட்டையை வாயில் அழுத்தியிருந்தார். டிரம் சத்தத்தின் மறைவில் அந்த முதுகு குலுங்கிக் குலுங்கி அடங்கியது.

டேவிட்சன் இறந்ததிலிருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், கான்சுலேட் என்று ஓடினவர் அவர்தான். தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டவரும் அவர்தான். உடலைப் பெட்டியில் வைத்த அன்றைக்கு விஜிலா அவருடைய காருக்குள் வாய்விட்டுக் கதறினாள். ஏசியை அவளுக்காக ஓடவிட்டு, அவர் வெளியே இறங்கி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜூலை வெயிலில் நின்றார். ஆறுதல் சொல்ல வந்தவர்களை எல்லாம், "வண்டியில யாரும் இல்ல, அந்தப் பக்கம் போங்க" என்று திருப்பி அனுப்பினார். அவள் அழுது ஓயும்வரை நின்றார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் நன்றி என்று சொன்னதில்லை.

விஜிலா அவரிடம் போகவில்லை. படியின் தலைமாட்டில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்து நஸீஹாவின் கணவர் ஜாபர் சாதிக் குப்பைப் பையோடு வந்தார்.

"படி கழுவி விட்டிருக்கு அண்ணே. வழுக்கும். லிஃப்ட்ல போங்க."

அவர் மறுபேச்சில்லாமல் லிஃப்ட் பக்கம் திரும்பினார். பொய் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விஜிலாவுக்குத் தோன்றவில்லை.

உள்ளே பாட்டு முடிகிற மாதிரி இருந்தது. கீழே அழுகை இன்னும் ஓயவில்லை. அவள் கதவுக்குள் தலையை நீட்டி, "இன்னொண்ணு பாடுங்க, சத்தமா," என்றாள். டிரம் மறுபடி எழுந்தது. அவள் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டாள்.

பிறகு, மூக்கைச் சிந்துகிற சத்தமும் செருப்பு தேய்கிற சத்தமும் கேட்டன. அவர் எழுந்து திரும்பிப் பார்ப்பதற்குள் விஜிலா சத்தமில்லாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.