ஆள் மாறிய ஜெபம்

கோயில் ஆட்களை நான் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியே காலம் போனது. தட்டிப் பார்க்காமல் எதையும் கையில் எடுக்க மாட்டேன். என் வீட்டுக்காரி அப்படியில்லை. அவளுக்குச் சபைதான் தாய்வீடு.

அவள் வயிற்றில் கட்டி. அன்று சாயந்திரத்துக்குள் கத்தி வைக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவளோ, "போதகர் வந்து ஜெபம் பண்ணாம என்னைத் தொடக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றாள். பயம்தான், வேறென்ன.

போன் போட்டேன். வருகிறேன் என்றார். அதற்குள் அவளை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குளிருது, சால்வை வேண்டும் என்றாள். எடுக்க வார்டுக்குத் திரும்பினால், போதகர் எங்கள் கட்டிலருகே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருக்கிறார்.

கட்டிலில் கிடந்தது வேறொருத்தி. இடம் காலியானதும் நர்ஸ் கிடத்திவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பெண் தலையோடு போர்த்தியிருந்தாள், முகம் பாதிதான் தெரிந்தது. இவர் புதுப் போதகர், முகம் பழகவில்லை. கட்டில் எண்ணைப் பார்த்தார், கண்ணை மூடினார், ஆரம்பித்துவிட்டார்.

'யோவ், ஆள் மாறிப்போச்சு' என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். கண்ணீர் காதோரம் வழிந்து தலையணை நனைந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் என்று ஒரு ஈ காக்கை இல்லை. இது உனக்கில்லை என்று எந்த வாயால் சொல்வது? நான் முரடன்தான், பாவி இல்லை.

ஆமென் சொன்னதும் என் தோளைத் தட்டி, "தைரியமா இருங்கய்யா. ஒரு சாவு வீட்டுல அடக்க ஆராதனைக்கு நேரமாச்சு" என்று ஓடினார். வெளியில் வைத்துச் சொல்லலாமென்று பின்னாலேயே படியிறங்கினேன். வண்டி போய்விட்டது. போனையும் அணைத்துவிட்டார்.

வீட்டுக்காரியைப் பக்கத்துக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள்.

"வந்தாரா?"

"வந்தார். அந்தக் கட்டிலுக்கு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டார்."

"நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

"நின்னேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.

அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து எழுந்து வந்தாள். "அக்கா, அது உங்களுக்கு வந்ததுன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. வயித்துக் கட்டின்னார்; எனக்கு வெறும் காய்ச்சல். நிறுத்தச் சொல்ல மனசு வரல. எனக்காக யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"பரவால்ல, விடும்மா."

"விட மாட்டேன். நான் கோயில் வாசல மிதிச்சே வருஷக்கணக்காச்சு. இருந்தாலும் கேக்கறேன்."

இவள் கையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள். "இயேசப்பா, அந்த ஐயா கேட்டதெல்லாம் இந்த அக்காவுக்கு. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி. அக்காவுக்குப் பயமா இருக்கு, கூடப் போ. இந்தப் பெரியவரையும் பாத்துக்கோ, மூஞ்சியே சரியில்ல."

என் வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதடி, வலிக்குது." பிறகு என்னைப் பார்த்தாள். "மரம் மாதிரி நிக்கறீங்களே, ஸ்ட்ரெச்சர்காரங்கள உள்ள வரச் சொல்லுங்க."

பயம் போகவில்லை. ஆனாலும் துணைக்கு ஆள் கிடைத்தவள் மாதிரி ஆபரேஷனுக்குப் போனாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, கட்டியை எடுத்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்றார். அவரைக் கும்பிட்டேன். இன்னொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, "ஆண்டவரே, நீ நல்லா இருக்கணும்" என்றேன்.

துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த காய்ச்சல்காரி, "அவருக்கே ஆசீர்வாதமா பெரியவரே?" என்றாள்.

"இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச நன்றி அதுதான்."