மெழுகு போட்ட தரை

திரையில் ஒரு சீமாட்டி வாசலில் இரண்டு கம்பளித் துண்டுகளைப் போட்டதுமே கொட்டகை சிரிக்கத் தொடங்கிவிட்டது. தரையில் அழுக்குப் படாமல் இருக்க, விருந்தாளிகள் ஷூவோடு அவற்றின்மேல் ஏறி, மெழுகு தேய்த்த தரையில் சறுக்கிக்கொண்டே கூடத்துக்குப் போகவேண்டும். பாதிரியார் சறுக்கினார். டாக்டர் சறுக்கினார். தீயணைக்க வந்தவர்கள்கூட, எரிகிற திரைச்சீலையைப் பார்த்தபடி, வரிசையில் நின்று சறுக்கினார்கள்.

யூகெத்தும் சிரித்தாள். பிரான்சில் அவர்கள் ஊரான லாவாலில் பாதி வீடுகளில் அந்தத் துண்டுகள் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு மதாம் பொர்தியே அவள் விலாவில் இடித்தாள்.

"அடியே, இது உன் வீடேதான்!"

"உங்க வீடு மட்டும் என்ன வாழுதாம்?"

அப்போது திரையில் ஒரு கிழவர் கூடையோடு வந்தார். துண்டுகளைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார், கூடையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. யூகெத்துக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

போன அக்டோபரில் அப்பா கிராமத்திலிருந்து ஒரு கூடை பேரிக்காயோடு வந்திருந்தார். மூட்டுவலிக்காரர், அதற்கு முந்தைய தடவை சறுக்கப் போய், விழாமல் கதவைப் பிடித்துக்கொண்டவர்.

"உள்ள வரலம்மா. பூட்ஸெல்லாம் சேறு. நீ இப்பதான் மெழுகு போட்டிருக்க."

"சரிப்பா. பஸ்ஸை விட்டுடாதீங்க."

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். 'வாங்கப்பா' என்று ஒரு வார்த்தை. பாழாய்ப்போன தரைக்காக அதை விழுங்கிவிட்டாள். பிப்ரவரியில் அவரைப் புதைத்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் குளிரில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கடைசிவரை அவள் கேட்கவில்லை.

படம் விட்டபோது மழை. வீட்டில் அவள் கணவன் லூசியான் பேப்பரும் கையுமாகச் சறுக்கிக்கொண்டே வந்து கதவைத் திறந்தான்.

"படம் எப்படி?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"அங்கேயே ஏன் நிக்கிற? குளிரடிக்குது, உள்ள வா."

"ஷூவெல்லாம் சேறுங்க."

"அதுக்கென்ன, இதான் இருக்கே" என்று அவன் இன்னொரு ஜோடித் துண்டைக் காலாலேயே அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

யூகெத் அதில் ஏறவில்லை. அப்பா பேரிக்காய்க் கூடையை வைத்துவிட்டுப் போன அதே படியில், நனைந்த கோட்டோடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் தரை பளபளவென்று கிடந்தது.