ரெண்டு பக்கமும் முப்பத்திரண்டு

கடைக்காரம்மாவ நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் அன்னைக்கு வீட்ட விட்டுக் கிளம்பினேன். கையில ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாக்குள்ள என் பொண்ணோட பல்லி, வாயப் பொளந்துக்கிட்டு. எனக்குப் பின்னாடி என் பொண்ணு, வாயே திறக்காம.

எனக்குக் கோவம் வரும். மூக்குக்கு மேல கோவம்னு என் பொண்டாட்டி சொல்லுவா. அது தப்பு. மூக்குல போய் உக்கார அதுக்கு ஏது நேரம், நேரா வாய்க்கு வந்துடும். ஆனா சும்மா வராது. காரணம் இருந்தாத்தான் வரும். இந்த உலகத்துல காரணத்துக்கா பஞ்சம்?

ஆறு மாசத்துக்கு முன்னாடி, பன்னெண்டு வயசுப் பொண்ணு, வளக்கப் பல்லி வேணும்னா. "பல்லியா? சுவத்துல நாலு ஓசியா ஓடுதே, அதுல ஒண்ணப் பிடிச்சு வச்சுக்கடி"ன்னேன். அவ சிரிக்கல. ஒரு கோடு போட்ட நோட்ட எடுத்து எழுத ஆரம்பிச்சா. எது எவ்வளவு பெருசாகும், எத்தன வருஷம் இருக்கும், என்ன திங்கும்னு பக்கம் பக்கமா. ஒருநாள் எடுத்துப் பாத்தேன். ஆமை பேரக் கோடு போட்டு அடிச்சிருந்தா: 'நாப்பது வருஷம் இருக்கும். நான் வெளியூர் படிக்கப் போனா யார் பாக்கிறது?' பச்சோந்திய அடிச்சிருந்தா: 'ரொம்பப் பயப்படும்.' பாம்ப அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரே வார்த்த: 'அம்மா.' கடைசியில சிறுத்தைப் பல்லிக்கு மட்டும் டிக். 'புதுசா வளக்கிறவங்களுக்கு ஏத்தது. சாது. சத்தம் பிடிக்காது.'

இவ்வளவு யோசிச்சு நான் கல்யாணம்கூடப் பண்ணல. சரி வான்னு வளப்புப் பிராணி விக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அந்தக் கடைக்காரம்மா இருக்காளே, கயித்துல கண்ணாடியத் தொங்கவிட்டுக்கிட்டு, பொருள் வாங்க வந்தவன போலீஸ் மாதிரி விசாரிக்கிறா. வீட்ல எத்தன பேரு, யாரு பாத்துக்குவா, உயிரோட புழு வாங்கி வைக்க அம்மா சம்மதிப்பாங்களா. நான் பெருசா ஒரு பச்சை ஓணானக் காட்டி, "இதக் குடுங்க, பாத்தா கம்பீரமா இருக்கு"ன்னேன். "அது ஆறடி வளரும் சார். நீங்க எத்தன அடி?"ன்னு கேட்டா. பொண்ணு களுக்குன்னு சிரிச்சுட்டா. எனக்கு அப்பவே உள்ள புகைய ஆரம்பிச்சுடுச்சு.

பொண்ணு ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாடியும் உக்காந்து அர மணி நேரம் பாத்தா. கண்ணு தெளிவா இருக்கா, வாலு கொழுத்திருக்கா, விரல்ல பழைய தோல் ஒட்டியிருக்கா. அந்தப் பல்லிக்கு வாலுதான் சோத்துப் பானையாம், கொழுப்பெல்லாம் அங்கதான் சேத்து வைக்குமாம். கடைசியில உடம்பெல்லாம் புள்ளி வச்ச ஒரு குட்டி, அவ கண்ணு முன்னாடியே புழுவ லபக்குன்னு பிடிச்சுது. "இதுதான்பா"ன்னா. பேரும் அங்கயே வச்சுட்டா, பொட்டு.

கிளம்பும்போது கடைக்காரம்மா ஒரு துண்டுக் காகிதம் குடுத்தா. எப்படி வளக்கணும்னு அச்சடிச்சது. நான் படிக்கல. எதுக்குப் படிக்கணும்? பொழுது விடிஞ்சா அடைஞ்சா டிகிரியோட மல்லுக்கட்டுறவன் நான். மீனும் கறியும் வைக்கிற கோல்டு ரூமுக்கு நான் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எங்க தொழில்ல ஒரே வேதம்தான்: ரூமுக்குள்ள எந்த மூலையில அளந்தாலும் ஒரே டிகிரி இருக்கணும். ஒரு மூலையில ரெண்டு டிகிரி ஏறிச்சுன்னா சரக்கு நாறிப்போகும், நம்ம பேரும் சேந்து நாறும்.

பல்லிக்கு எத்தன டிகிரிடின்னு கேட்டேன். முப்பத்திரண்டுன்னா, இன்னும் ஏதோ சொல்ல வந்தா. முப்பத்திரண்டு போதும், நீ தள்ளுன்னுட்டேன். பெட்டிக்கு அடியில முழுசா ஹீட்டர், ரெண்டு மூலையிலயும் சென்சார், காத்தச் சுத்திவிடக் குட்டி ஃபேன். மேஜை ஆடிச்சு, அந்தத் துண்டுக் காகிதத்த நாலா மடிச்சுக் காலுக்கு அடியில முட்டுக் குடுத்தேன். மீட்டரப் பாத்தா இந்தப் பக்கம் முப்பத்திரண்டு, அந்தப் பக்கம் முப்பத்திரண்டு. அரை புள்ளி வித்தியாசம் கிடையாது. எனக்கே என்னத் தட்டிக்குடுக்கணும்போல இருந்துச்சு.

"அப்பா, ஒரு பக்கம் சூடாவும் ஒரு பக்கம் குளுமையாவும் இருக்கணும்பா"ன்னா.

"அதுக்குப் பேரு ரிப்பேருடி. அப்படி ஒரு ரூமக் கட்டிக் குடுத்தா கஸ்டமர் என்னச் செருப்பால அடிப்பான்."

மறுநாளும் வந்து நின்னா. "இல்லப்பா, நோட்டுல..."

"நோட்டப் பாத்து எனக்குப் பாடம் எடுக்கறியா? இருபத்திரண்டு வருஷம் என்ன மயி... என்னத்தப் பிடுங்கிட்டு இருந்தேன்னு நெனச்ச?"

அதோட பேச்சு நின்னுடுச்சு. பாத்தீங்களா, விவரமா சொன்னா புரிஞ்சுக்கும்னு நெனச்சேன்.

பொட்டு சாப்பிடல. ஒருநாள், ரெண்டு நாள், புது இடம்னு விட்டோம். அஞ்சாம் நாள் கண்ணாடியப் பிராண்ட ஆரம்பிச்சுது. எட்டாம் நாள் பிராண்டுறதையும் விட்டுட்டு வாயத் திறந்தபடி தட்டையாப் படுத்துக்கிச்சு. கொழுத்த வாலு பென்சிலா இளைச்சுது. பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருந்தா. அழல, பாத்துட்டே இருந்தா. எனக்கு அதுதான் தாங்கல. தாங்கலன்னா நான் என்ன செய்வேன், கத்துவேன். ஓயாம தூக்கித் தூக்கி நீதான் கொன்னுட்டன்னு அவளக் கத்தினேன். நாத்தம் பிடிச்ச லோஷன ஊத்தித் தரையத் தொடைச்சது நீதான்னு பொண்டாட்டியக் கத்தினேன். "வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டுக் குத்துதே குடையுதேன்னா?"ன்னுட்டு அவ வேலையப் பாக்கப் போயிட்டா. அப்புறம் மிச்சம் இருந்தது கடைக்காரம்மாதான். சீக்குப் பல்லிய என் பொண்ணு தலையில கட்டிட்டா, பாவி.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் டப்பாவக் கொண்டுபோய் அவ கவுண்டர்ல டொம்முன்னு வச்சேன்.

"என்னம்மா வியாபாரம் பண்றீங்க? செத்துக்கிட்டு இருக்கிறத விக்கிறதுக்குக் கடை எதுக்கு?"

கடையில இருந்த நாலு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். கடைக்காரம்மா பொட்ட மெதுவா எடுத்து வெறும் டைல்ஸ் மேல விட்டா. அது வயித்த டைல்ஸோட ஒட்டி வச்சுது. கொஞ்ச நேரத்துல வாய மூடிக்கிச்சு. ரெண்டு நாளா மூடாத வாய்.

"பெட்டியில ஒரு பக்கம் எவ்வளவு சார்?"

"முப்பத்திரண்டு."

"இன்னொரு பக்கம்?"

"அதுவும் முப்பத்திரண்டு. எந்த மூலையில வேணா அளந்து பாருங்க. நான் கோல்டு ரூம் மெக்கானிக்." நெஞ்ச நிமித்தித்தான் சொன்னேன்.

அவ கண்ணாடியக் கழட்டிட்டா. "இதுக்கு வேர்க்காது சார். சூடு தாங்கலன்னா எழுந்து குளுமையான பக்கமாப் போகும். அவ்வளவுதான் இதுக்குத் தெரிஞ்ச வைத்தியம். நீங்க அதுக்குப் போறதுக்கு இடமே வைக்கலியே." அப்புறம் பொண்ணப் பாத்தா. "உனக்குத் தெரியும்தானே கண்ணு?"

பொண்ணு தலையாட்டினா.

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி!" நான் கத்தின கத்துல கூண்டுல இருந்த கிளியெல்லாம் பறந்து அடிச்சுக்கிச்சு.

"ரெண்டு தடவ சொன்னேன்பா," என்னப் பாக்காம பல்லியப் பாத்துச் சொன்னா. "மூணாவது தடவ சொல்லப் பயமா இருந்துச்சு."

திட்டுறதுக்கு எனக்கு நூறு வார்த்த தெரியும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நான் ஊர்ல இருக்கிற எல்லாக் கூடத்தையும் கோணல்னு சொல்லி முடிச்சுட்டேன், இனி யாரச் சொல்ல?

"பொழைக்குமா?"ன்னு பொண்ணு கேட்டா.

"ஒரு வாரம் போகட்டும் கண்ணு. சொல்ல முடியாது," கடைக்காரம்மா சொன்னா.

வீட்டுக்கு வந்து ஃபேனப் பிடுங்கினேன். ஹீட்டர ஒரு ஓரத்துல மூணுல ஒரு பங்குக்குச் சுருக்கினேன். மறு ஓரத்துல டைல்ஸ் துண்டு வச்சு, ஒளிஞ்சுக்க ஒரு குகையும் வச்சேன். மேஜைக் காலுக்கு அடியில இருந்த காகிதத்த உருவிப் பிரிச்சேன். முதல் வரியே அதுதான், ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளுமைன்னு, பெரிய எழுத்துல. கிழிச்சுப் போடலாம்னு வந்துச்சு. யார் மேல கோவம்னு கேக்காதீங்க.

அப்புறம் நான் அந்தப் பெட்டிப் பக்கமே போகல. காலையில வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வீடு. பொழைச்சுதா இல்லையான்னு கேக்க வாய் வரல. அவங்களும் சொல்லல. சொல்ல மாட்டாங்களான்னு அதுக்கு ஒரு கோவம் வேற.

ஆறாம் நாள் வேலை முடிஞ்சு வந்தப்போ சாப்பாட்டு மேஜையில நோட்டு திறந்து கெடந்துச்சு. புதுப் பக்கம், கோடு போட்டுக் கட்டம் கட்டமா. தேதி, சூட்டுப் பக்கம், குளுமைப் பக்கம், சாப்பாடு. அஞ்சாவதா ஒரு கட்டம், 'சத்தம்'.

முதல் நாலு நாளுக்கும் சாயங்கால வரியில ஒரே மாதிரி எழுதியிருந்தா: 'புழு வச்சேன். குகைய விட்டு வரல. அப்பா வீட்ல.' ரெண்டு நாளா அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நேத்து மதிய வரி: 'ரெண்டு புழு சாப்பிட்டுச்சு!! அப்பா இல்ல.' இன்னைக்கு மதியம்: 'மூணு புழு. அப்பா இல்ல.' அதுக்குக் கீழ இன்னைக்கு சாயங்காலம்னு எழுதி, சாப்பாட்டுக் கட்டத்தக் காலியா விட்டிருந்தா. சத்தம் கட்டத்துல மட்டும் முன்கூட்டியே எழுதி வச்சிருந்தா: 'அப்பா வர்ற நேரம்.'

ஜிவ்வுன்னு ஏறுச்சு. யாரக் கேட்டுடி எழுதினன்னு வாயத் திறந்துட்டேன். அறைக்குள்ள பொண்ணோட குரல் கேட்டுச்சு. "வா பொட்டு, பயப்படாத, சீக்கிரம் சாப்பிட்டுடு"ன்னு. அந்தக் குரல் அவகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. என்கிட்ட அவ அப்படிப் பேசினதில்ல.

நோட்ட இருந்தபடியே வச்சேன். கழட்டின செருப்ப மறுபடி மாட்டினேன்.

"இப்பதான வந்தீங்க, எங்க போறீங்க? சாப்பாடு எடுத்து வச்சாச்சு"ன்னு பொண்டாட்டி சமையலறையில இருந்து கேட்டா.

"அது முதல்ல சாப்பிடட்டும்"ன்னேன்.

"என்னது? கேக்கல."

இத்தன வருஷத்துல நான் சொன்னது அவளுக்குக் கேக்காம போனது அதுதான் முதல் தடவ. கிட்டப் போய் ரெண்டாவது தடவயும் மெதுவாவே சொல்லிட்டு, வாசல் கதவ சத்தம் இல்லாம சாத்திட்டுத் தெருவுல போய் நின்னேன்.